அம்மாவுக்கு நான்தான் ஊசி போட வேண்டும், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறேன்

ஐந்தாம் மாடி (ரங்கூன்):

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு வயது 63. பதினாறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனதால் போன தீபாவளி கழிந்து இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காலையில் 18 யூனிட், இரவில் 10. அம்மாவுக்குக் கண் மங்கல், சிரிஞ்சில் இருக்கும் கோடு தெரியாது. மூன்றாம் மாடியில் ஒரு பர்மாக்காரப் பெண் இருக்கிறாள், நர்ஸ் வேலை பழகினவள். அவள்தான் இரண்டு வேளையும் ஏறி வந்து போட்டுவிட்டுப் போவாள். காசு வாங்கமாட்டாள், அம்மா வைக்கும் ரசத்தை ஒரு டப்பாவில் வாங்கிக்கொள்வாள். இந்த மாசக் கடைசியில் அவள் பாங்காக் போகிறாள். அண்ணன் மலேசியாவில் இருக்கிறார். இனி வீட்டில் நானும் அம்மாவும்தான்.

எனக்கு ஊசி என்றால் ஆகாது. வலிக்குப் பயம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வலியை நான் தாங்குவேன், போன வருஷம் கொதிக்கிற எண்ணெய் கையில் பட்டபோதுகூடச் சத்தம் போடவில்லை. ஊசி தோலுக்குள் போவதைப் பார்த்தால், போகப் போகிறது என்று தெரிந்தாலே போதும், முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் காது அடைக்கும். உள்ளங்கை குளிர்ந்து வேர்க்கும், குமட்டும், கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். அப்புறம் தரையில் கிடப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சேகானில் (இங்கே கிளினிக்கை அப்படித்தான் சொல்வோம்) அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற நான் விழுந்து, பெஞ்சு முனையில் புருவம் கிழிந்து நாலு தையல். அங்கே இருந்த ஒரு அம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: “பெத்தவளுக்குத் துணையா வந்தியா, உனக்கு நாங்க துணை இருக்கணுமா?” தையல் ஆறிவிட்டது. அந்த வார்த்தை ஆறவில்லை.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ரங்கூனில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வராந்தாவிலிருந்து தெரு வரைக்கும் கயிறு தொங்கும். மருந்துக் கடைப் பையன் கீழே நின்று இழுப்பான், மேலே மணி அடிக்கும், பையைக் கிளிப்பில் மாட்டிவிடுவான், நான் இழுத்துக்கொள்வேன். வெங்காயமும் பத்திரிகையும் அதே கயிற்றில்தான் வரும். பையில் சிரிஞ்சு இருக்கும் நாளில் இரண்டாம் மாடி உயரம் வருவதற்குள் எனக்குக் கை தளர்ந்துவிடும். கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கும் இப்படித்தான். சித்தப்பா காவடி எடுத்து அலகு குத்தும்போது அப்பா கோயில் வாசலிலேயே சாய்ந்துவிடுவாராம். அப்பா இப்போது இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மூச்சை ஆழமாக இழுத்து உடம்பைத் தளர்த்தச் சொல்லும் வீடியோ பார்த்துச் செய்தேன், முன்னைவிடச் சீக்கிரம் விழுந்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன், மூடிய கண்ணுக்குள் ஊசி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. மருந்துக் கடையில் பயத்துக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம்தான் வந்தது.

26 நாள் இருக்கிறது. இதற்கு வைத்தியம் உண்டா? யாராவது இதிலிருந்து வெளியே வந்திருக்கிறீர்களா? மனசைத் திடப்படுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள், முப்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.


தாட்டோன் தம்பி:

அக்கா, எங்க மாமாவுக்குப் பேனா மாதிரி வர்ற இன்சுலின்தான். ஊசி 4 மில்லிமீட்டர்தான், முனை கண்ணுக்கே சரியாத் தெரியாது. எத்தனை யூனிட்னு திருகி வச்சா ‘டிக் டிக்’னு சத்தம் வரும். விலைதான் கூட, சில மாசம் கிடைக்கவும் மாட்டேங்குது. டாக்டரைக் கேட்டுப் பாருங்க. அம்மா போட்டுக்கிற மருந்து பேனாவில் வருதான்னு அவர்தான் சொல்லணும்.

காளியம்மன் கோயில்ல ஒரு அர்ச்சனையும் பண்ணுங்க. உங்க மனசுக்காகச் சொல்றேன்.


மோல்மேன் நர்சம்மா:

தங்கச்சி, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். நான் 31 வருஷம் நர்ஸ், அதுல பத்து வருஷம் மலேசியாவுல. இப்ப வீட்டோட இருக்கேன். அங்கே ஒரு மனநல டாக்டர்கிட்ட வேலை பார்த்தப்ப உங்களை மாதிரி ஆறேழு பேரைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். அதுல ஒருத்தர் போலீஸ்காரர், ஆறடி ஆள். அதனால நடந்ததை உங்க மனசுல தைரியம் இல்லாத கணக்குல எழுதாதீங்க. அந்தச் சேகான்ல பேசின அம்மாளுக்கு இது தெரிஞ்சிருக்கணும். தெரியல. அவங்க சார்பா நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

அப்பாவும் சாய்வார்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. நாய்க்குப் பயம், பாம்புக்குப் பயம், உயரத்துக்குப் பயம்னா உடம்பு ஓடுறதுக்குத் தயாராகும். நெஞ்சு அடிக்கும், பிரஷர் ஏறும். பிரஷர் ஏறி நிக்கிறவங்க சாதாரணமா மயங்கி விழமாட்டாங்க, விழுந்திடுவோமோன்னு பயப்படுவாங்க, அவ்வளவுதான். ரத்தம், ஊசி, காயம் இதுக்குப் பயப்படுறவங்களுக்கு மட்டும் உடம்பு வேற வழியில போகும். முதல்ல ஏறும், அதுதான் உங்க படபடப்பு. அடுத்தாப்ல சடார்னு இறங்கும். நெஞ்சுத் துடிப்பு குறைஞ்சு, ரத்தக் குழாய் விரிஞ்சு, ரத்தம் காலுக்கு இறங்கிடும். மூளைக்குப் போறது குறையும். காது அடைக்கிறது, கண் இருட்டுறது எல்லாம் அப்பதான். விழுந்து படுத்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பி நீங்களே எழுந்திடுறீங்க. இது குடும்பத்துல ஓடும், அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்றது சகஜம்.

இப்பப் புரியுதா, அந்த வீடியோ ஏன் உங்களைச் சீக்கிரம் விழ வச்சதுன்னு? தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க்ல பிறந்த ஜோசப் வோல்பேன்னு ஒரு டாக்டர், 1958-ல அவர் எழுதின முறை அது: உடம்பைத் தளர்த்திக்கிட்டே பயப்படுற பொருளைப் படிப்படியா நெருங்குறது. மத்த பயங்களுக்கு அது நல்ல முறை. உங்களுக்கு இறங்குற பிரஷரை இன்னும் இறக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது நேர் எதிர், உடம்பை இறுக்கணும். சுவீடன்ல லார்ஸ் கோரான் ஓஸ்ட்னு ஒரு மனநல நிபுணர், 1987-ல கூட ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டு இந்த முறையை எழுதி வச்சார். நான் கண்ணால பார்த்தது அதைத்தான்.

நாற்காலியில உட்காருங்க. ரெண்டு கை, வயிறு, தொடை, கால் எல்லாத்தையும் ஒண்ணா முறுக்கிப் பிடிங்க, கனமான அரிசி மூட்டையைத் தூக்கப் போற மாதிரி. மூச்சை அடக்காதீங்க. 10, 15 வினாடி, முகத்துல சூடு ஏறுற வரைக்கும். அந்தச் சூடுதான் அடையாளம், ரத்தம் மேலே வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் விடுங்க. விடுறதுன்னா தொய்ஞ்சு போறது இல்லை, எப்பவும் உட்கார்ற நிலைக்கு வந்தாப் போதும். 20, 30 வினாடி கழிச்சு மறுபடியும். அஞ்சு தடவை. இப்படி ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஒரு வாரம். ஊசி பக்கத்துலயே போகவேண்டாம், முதல்ல உடம்பு இதைப் பழகட்டும். தலை வலிச்சா பலத்தைக் குறைங்க. உங்களுக்கே பிரஷர், இருதயக் கோளாறு இருந்தாலோ வயித்துல பிள்ளை இருந்தாலோ டாக்டரைக் கேட்காம இதை ஆரம்பிக்காதீங்க.

ரெண்டாவது வாரம் படி ஏறணும். 0-லேர்ந்து 100 வரைக்கும் பயத்துக்கு மார்க் போடுங்க, இதுவும் வோல்பே கொடுத்த அளவுதான். 20, 30 மார்க் பயம் எதுன்னு கண்டுபிடிச்சு அங்கே ஆரம்பிங்க. ஒரு படியில பயம் பாதியாகிற வரைக்கும் அங்கேயே இருங்க. பாதியில எழுந்து ஓடினா, ஓடினதாலதான் தப்பிச்சோம்னு உடம்பு நினைச்சுக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா ஓடச் சொல்லும். அந்தப் பெண் ஊருக்குப் போறதுக்குள்ள அவ பக்கத்துல இருக்கும்போதே கடைசிப் படியைத் தொட்டுடுங்க. அவ உங்களுக்குக் கிடைச்ச வரம்.

அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. தூங்கவைக்கிற மாத்திரை போட்டுக்கிட்டுப் பழகினா மூளை எதையும் கத்துக்காது, பழக்கமும் ஆகிடும். நெஞ்சுப் படபடப்புக்குன்னு சிலர் பிரஷர் மாத்திரை தருவாங்க, அது துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும். விழுறவங்களுக்கு அது தேவையே இல்லை.

முடிஞ்சா மனநல டாக்டர் ஒருத்தரைப் பாருங்க. அந்தப் பேச்சை எடுத்தாலே நம்ம ஜனத்துக்கு யுவாதாஜி மனநல ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும், அதனால வாயைத் திறக்கமாட்டாங்க. உங்க கதை இங்கே எழுதற அளவுக்கு வந்ததே பெரிசு.


ஐந்தாம் மாடி:

நர்சம்மா, அழுதுகொண்டே படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். “உங்கப்பா பாவம், தெரிஞ்சிருந்தா நான் கேலி பண்ணியிருக்கமாட்டேன்” என்றார்.

இரண்டு சந்தேகம். கண் இருட்ட ஆரம்பித்த பிறகு இறுக்குவதா, முன்னாலேயா? கையை முறுக்கினால் நடுங்குமே, நடுங்குகிற கையால் அம்மாவுக்கு எப்படிப் போடுவேன்?


மோல்மேன் நர்சம்மா:

நல்ல கேள்வி. ஊசியைத் தொடுறதுக்கு முன்னாலேயே இறுக்கிடுங்க. உள்ளங்கை குளிருதான்னு கவனியுங்க, உங்களுக்கு முதல் சேதி அதுதான். இருட்டின பிறகு இறுக்கி நிமிர்றது கஷ்டம், அப்ப பேசாம படுத்துக் காலை உயர்த்தி வச்சிடுங்க.

போடும்போது உட்கார்ந்தே போடுங்க. கையைத் தளர்வா விட்டுட்டு தொடை, வயிறு, பிட்டம் மட்டும் இறுக்குங்க, அது போதும். முதல் வாரத்துலயே கையை விட்டுட்டுக் கீழ்ப்பாகத்தை மட்டும் முறுக்குறதையும் தனியாப் பழகுங்க. உங்களுக்கே ஊசி போடும் நாள்லயும் இதேதான், குத்துற கையை மட்டும் தளர்த்திட்டு மத்ததை இறுக்கணும்.

அம்மா மருந்து கலங்கலா இருக்குமே, அந்தக் குப்பியைக் குலுக்காம ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு உருட்டணும். தொப்புளிலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி, தினம் இடம் மாத்தி. தோலை லேசாக் கிள்ளிப் பிடிச்சு நேராக் குத்தி, மருந்தைத் தள்ளிட்டுப் பத்து எண்ணி எடுங்க. அரை மணிக்குள்ள அம்மா சாப்பிட்டாகணும். வேர்த்து நடுங்கினா உடனே சர்க்கரைத் தண்ணி. மீதியை அந்தப் பெண்கிட்ட நேரா பார்த்துக் கத்துக்குங்க.


மாந்தலே எலெக்ட்ரீஷியன்:

ஊசிப் பயம் எனக்கில்லை. 2025 மார்ச் 28 பகல் 12.50-க்கு 7.7 அளவு நிலநடுக்கம் வந்தப்ப ஒரு கட்டடத்தின் மூணாவது மாடியில வயர் இழுத்துக்கிட்டு இருந்தேன். இறங்கி வந்துட்டேன். அதுக்கப்புறம் ஏழு வாரம் கூரைக்குக் கீழே படுக்க முடியல. தெருவுல பாய் போட்டுத்தான் தூக்கம். கான்கிரீட் படிக்கட்டைப் பார்த்தா முட்டி மடங்கிடும்.

எனக்கு வந்தது வேற வகைன்னு டாக்டர் சொன்னார், பட்ட அடியில வந்தது. ஆனா படிப்படியா நெருங்குறதுன்னு நர்சம்மா எழுதியிருக்காங்களே, அது உண்மை. முதல் நாள் வாசல்படியில ஒரு டீ குடிக்கிற நேரம். மறுநாள் உள்ளே, கதவைத் திறந்து வச்சு. என் மச்சான் தினமும் கூட உட்கார்ந்தான், ஒரு நாள்கூட “வா, ஒண்ணும் ஆகாது”ன்னு இழுக்கல. அந்த மாதிரி ஒரு ஆள் கூட இருக்கணும், சகோதரி. இப்ப மறுபடியும் மாடியில வேலை பார்க்கிறேன். உயரமான கட்டடம்னா மேஸ்திரிகிட்ட இறங்குற வழி எதுன்னு கேட்டுட்டுத்தான் ஏறுவேன்.


ஐந்தாம் மாடி (29 நாள் கழித்து):

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன், என்னை மாதிரி இன்னொருத்தர் ராத்திரி தூங்காமல் தேடிக்கொண்டு வந்தால் கையில் கிடைக்கட்டும்.

முதல் வாரம் இறுக்குவது மட்டும். காலையில் எழுந்ததும், குளித்த பிறகு, மதியம், விளக்கேற்றும் நேரம், படுக்கும்முன். மூன்றாம் நாள்தான் அந்தச் சூடு என்றால் என்னவென்று தெரிந்தது. காது மடலில் ஆரம்பித்துக் கன்னத்துக்கு வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே செய்வேன், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

எட்டாம் நாள் மூடியோடு ஒரு சிரிஞ்சைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மார்க் 45. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன், டீ ஆறிப்போனது. நாற்பது நிமிஷத்தில் 20-க்கு வந்தது. மறுநாள் அதைக் கையில் எடுத்தேன். அடுத்த நாள் மூடியைக் கழற்றியபோது 70, உள்ளங்கை குளிர்ந்தது, தொடையை முறுக்கினேன், காது அடைத்தது, ஆனால் கண் இருட்டவில்லை. முதல் தடவையாக எனக்கு அது பாதியில் நின்றது. எழுந்து போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து தண்ணீரை இழுத்து எலுமிச்சம்பழத்தில் குத்தினேன். வேலின் முனையில் எலுமிச்சை குத்தி வைப்பார்களே, அதைப் பார்த்தாலே சின்ன வயதில் தூரப் போய்விடுவேன். தோலைத் தொடும்போது ஒரு தடை, அதைத் தாண்டினதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். என்னை வீழ்த்தியது எப்போதும் அந்த ஒரு கணம்தான். இருபது பழம், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை. வாசனை வீடு பூராவும். அம்மா அதையெல்லாம் ஊறுகாய் போடக் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

நடுவில் ஒரு நாள் பின்னால் போனேன். பதினைந்தாம் நாள் மூன்றாம் மாடிப் பெண் அம்மாவுக்குப் போடுவதை ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தேன். ஊசியை எடுத்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சுவரோடு சரிந்துவிட்டேன், தரையில் படுத்துக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டேன், முழு மயக்கம் வரவில்லை. அன்று ராத்திரி எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் தானாகவே கதவைத் தட்டி, “அமா, இன்றைக்கும் பக்கத்தில் நில்லுங்கள்” என்றாள். பர்மாவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், எங்கள் காதுக்கு அம்மா மாதிரிக் கேட்கும். நின்றேன். அன்றைக்கும் அடுத்த நான்கு நாளும். அந்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு மட்டும் தனியாக மார்க் போட்டேன்: 85, 85, 60, 50, 35.

இருபத்தோராம் நாள் என் கைமேல் அவள் கையை வைத்துப் போட்டோம். இருபத்து மூன்றாம் நாள் நான் தனியாகப் போட்டேன். அவள் கதவருகே நின்றாள். குப்பியை உருட்டினேன், முதலில் 18-க்குக் காற்றை உள்ளே தள்ளிவிட்டு மருந்தை இழுத்தேன், தட்டிக் குமிழைப் போக்கினேன். அம்மாவின் வயிற்றைக் கிள்ளிப் பிடித்தபோது அது அவ்வளவு மெத்தென்று இருந்தது, எத்தனையோ வருஷம் கழித்து அங்கே கை வைக்கிறேன். தொடையை முறுக்கிக்கொண்டு குத்தினேன். பத்து எண்ணினேன். எடுத்த பிறகும் அம்மா, “எப்பப் போடப் போறே?” என்றார்.

அவள் போன வியாழக்கிழமை கிளம்பிவிட்டாள். ரசம் ஒரு பெரிய பாட்டிலில் கட்டிக் கொடுத்தோம். அன்று இரவே கரண்ட் போய்விட்டது. சார்ஜ் விளக்கும் மங்கிவிட்டது. அம்மா என் போனை வாங்கி டார்ச்சைப் பிடித்தார். கண் தெரியாத அம்மா வெளிச்சம் பிடிக்க, அந்த வட்டத்துக்குள் 10 யூனிட் போட்டேன். நேற்றோடு பன்னிரண்டு வேளை ஆகிறது. பயம் காலையில் 25, இரவில் கொஞ்சம் கூட. குளிர்கிற உள்ளங்கை இன்னும் வருகிறது, வந்ததும் முறுக்குகிறேன்.

கரண்ட் போனால் மருந்துக் குப்பியை ஈர மண்பானையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அடுத்த மாதம் அம்மாவுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். எனக்கும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்கிறார் டாக்டர், அம்மாவுக்கு இருப்பதால். ரத்தம் குழாயில் ஏறுவதை நினைத்தால் 90. நர்சம்மா, இதற்கு எங்கே ஆரம்பிப்பது?


மோல்மேன் நர்சம்மா:

தங்கச்சி, உங்க அந்தப் பன்னிரண்டு வேளையை என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன்.

ரத்தம் எடுக்கிறதை ரெண்டாப் பிரிங்க. முதல்ல படம், அப்புறம் வீடியோ, சத்தம் இல்லாம, அப்புறம் சத்தத்தோட. இறுக்கிக்கிட்டே பாருங்க. அதுக்கப்புறம் கையில ரப்பர் பட்டி மட்டும் கட்டிப் பாருங்க, குத்தவேண்டாம். எடுக்கப் போற நாள்ல உள்ளே போனதும் முதல் வார்த்தையா “எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிட்டுத்தான் எடுக்கணும்”னு சொல்லிடுங்க. கேட்கிறது உங்க உரிமை. மூணு மாசச் சர்க்கரைக்கு வெறும் வயித்தோட போகவேண்டியதில்லை, சாப்பிட்டுட்டு, நிறையத் தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கூடவே வெறும் வயித்துச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருந்தா காலையில முதல் ஆளாப் போயிடுங்க. எடுத்து முடிஞ்சதும் பத்து நிமிஷம் எழுந்திருக்கவேண்டாம்.

அந்தப் பழைய சேகானுக்குப் போகாதீங்க. மார்க்கை எழுதி அனுப்புங்க.